அரையிறுதிக்குப் போன தாலாட்டு

தலைமையாசிரியர் மொரிவாகி ஜன்னலோர சோபாவில் சாய்ந்திருந்தார். எதிர் சோபாவின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுபவர் போல, இசை ஆசிரியை குரமோச்சி. சுவரோரம் மடக்கு நாற்காலியில் பேஸ்பால் பயிற்சியாளர் ஹிராய்வா, கால்சட்டை முழுக்க மைதானத்து மண்ணோடு. உட்கார இடம் கிடைக்காத துணைத் தலைமையாசிரியர் உசுயி, பார்லி டீ ஜாடியுடன் கோப்பை அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

அலமாரிக்குள் நீச்சல், கெண்டோ வாள்வீச்சு, தொடரோட்டம், ஓவியம், நாடகம், பேண்டு என்று கோப்பைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கடலோரத்து அந்த அரசுப் பள்ளியில் எதையும் வென்றறியாத ஒரே குழு ஹிராய்வாவுடையது.

அந்தக் குழு நேற்று ஜெயித்துவிட்டது. அதுதான் சிக்கல்.

"அரையிறுதியும் பேண்டுப் போட்டியும் ஒரே நாள் சார்," என்றாள் குரமோச்சி.

"அரையிறுதியா?" மொரிவாகிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதுக்கு இன்னும் மூணு ஆட்டம் ஜெயிக்கணுமேம்மா. யாரு, நம்ம பசங்களா?"

"நேத்து ஜெயிச்சதே எதிர் டீம்ல பாதிப் பேருக்கு வயிறு சரியில்லாமத்தான்," என்று ஹிராய்வாவே ஒப்புக்கொண்டார். "நிம்மதியா தூங்குங்க டீச்சர். அடுத்த ஆட்டத்தோட மூட்டை கட்டிடுவோம்."

"ஒருவேளை கட்டலைன்னா?"

"கட்டலைன்னா நீங்க வந்து ஊதணும். பேண்டு இல்லாம நம்ம பசங்க களம் இறங்கினா ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

முடியாது. குரமோச்சிக்கும் அது தெரியும். இந்த ஊரில் மட்டையடிக்க ஒருவன் வந்தால் அவனுக்கென்று ஒரு பாட்டு எழும்பியே ஆக வேண்டும்.

வெளியே வந்தபோது, தண்ணீர்க் கெட்டிலைக் கட்டிக்கொண்டு கதவோரம் நடையில் நின்றிருந்தாள் இபுகி. பேஸ்பால் குழுவின் மேனேஜர் மாணவி. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்; தலை குனிந்து வணங்கினாள்; மைதானத்துப் பக்கம் ஓடினாள்.

போட்டிக்கான இசையைப் பிள்ளைகள் குளிர்காலத்தில், விரல்கள் விறைத்த நாட்களில் தொடங்கியிருந்தார்கள். கடல்மேல் விடிவதுபோல மெல்லத் திறந்துகொள்ளும் இசை அது. இப்போதுதான் விடியத் தொடங்கியிருந்தது. கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுவே கடைசி மேடை.

அடுத்த ஆட்டத்தில் குரமோச்சி ஒரு சின்னப் பாவம் செய்தாள். முழக்கப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாலாட்டு மாதிரி ஒன்றை வாசிக்கச் சொன்னாள்.

"டீச்சர், இதுக்கு அடிக்கிறவனே தூங்கிடுவானே?" என்றாள் ட்ரம்பெட் சயோ.

"வெயில் அதிகம். உதடு வலிக்கக் கூடாதில்ல, அதான்."

ஆட்டம் தொடங்குவதற்குள் கடல் மூடுபனி மைதானத்துக்குள் வந்துவிட்டிருந்தது. தாலாட்டு அதில் கரைந்து பரவியது. நம் பையன் கண்ணை மூடியபடி மட்டையைச் சுழற்றினான். பந்து என்ன நினைத்ததோ, தானாக வந்து மட்டையில் பட்டது. உருண்டு போன பந்தை எதிரணிப் பையன் குனிந்து பார்த்தான், குளத்தில் மீன் பார்ப்பவன் போல. அது அவன் கால்களுக்கு நடுவே புகுந்து புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் அவசரமில்லை. நீருக்கடியில் நடப்பதுபோல எல்லாம் நடந்து, கடைசியில் பள்ளி ஜெயித்திருந்தது.

"தாலாட்டு!" ஹிராய்வா ஓடி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எதிராளியைத் தூங்க வெச்சே கவுத்துட்டீங்களே! என்ன மூளை டீச்சர் உங்களுக்கு!"

அதற்கடுத்த ஆட்டத்துக்கு, வாத்தியங்களுக்கு வெயில் ஆகாது என்று சொல்லி, ஒரே ஒரு புல்லாங்குழல் பிள்ளையை மட்டும் அனுப்பினாள். அத்தனை பெரிய அரங்கில் ஒற்றைக் குழல் அலைந்தது. எதிரணிப் பந்துவீச்சாளன் மேகத்துக்கு எறிவதுபோல எறிந்துகொண்டே இருந்தான். எட்டாத பந்து நாலு வந்தால் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு நடக்கலாம் என்பது விதி; நம் பையன்கள் மட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே, நடந்து நடந்து சுற்றி வந்து ஜெயித்தார்கள்.

மறுநாள் மீன்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். "குழலூதி ஜெயிச்ச டீச்சர்கிட்டயா வாங்குவேன்? எடுத்துட்டுப் போங்க."

காலிறுதியில் அவள் துணிந்தே விட்டாள். விருந்தினர் மரியாதை என்று சொல்லி, எதிரணி அடிக்க வரும்போதெல்லாம் தன் பேண்டையே அவர்களுக்காக முழு மூச்சில் வாசிக்க வைத்தாள். எதிரணிக் கேப்டன் தொப்பியைக் கழற்றிப் பார்வையாளர் பக்கம் ஆழமாக வணங்கினான். பிறகு ஒரு குழந்தைக்குப் பழம் நீட்டுவதுபோல, பந்தை நேராக நம் பையனின் கையுறைக்குள் அடித்துக் கொடுத்தான். நம் பையன் கையை உதறிப் பார்த்தான். பந்து விழவில்லை.

"பண்பாலயே அடிச்சுட்டீங்க!" ஹிராய்வா அழுதேவிட்டார். மொரிவாகி அழுதார். உசுயிகூட, நின்றபடியே, அழுதார்.

அரையிறுதி.

சாயங்காலம் இசையறையில் குரமோச்சி பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நாள், ஏதாவது ஒன்றுதான்.

ஜன்னலுக்கு வெளியே சிள்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

"அந்தப் பசங்க பொறந்ததுல இருந்து இப்பத்தான் ஜெயிக்கறாங்க டீச்சர்," என்றாள் சயோ. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அங்கயே போய் ஊதுவோம். என்ன, கோப்பைக்குப் பதிலா வேர்க்குரு கிடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போட்டியிலிருந்து விலகுவதாகக் குரமோச்சி தன் கையாலேயே எழுதினாள். மொரிவாகி பள்ளி முத்திரையைச் சிவப்பாகப் பதித்துக் கொடுத்தார். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தை விரலால் இருமுறை தடவிவிட்டு, மேட்டுத் தெருவில் இருக்கும் சிவப்புத் தபால்பெட்டிக்கு நடந்தாள். தபால்காரர் அப்போதுதான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். கடிதத்தை அவர் பையிலேயே போட்டாள். மோட்டார் சைக்கிள் சரிவில் இறங்கி, கடல் பக்கம் திரும்பி, மூடுபனியில் மறைந்தது.

"டீச்சர்!" இபுகி கெட்டிலோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அது விலகல் கடிதமா?"

"ஆமாம்மா. எதுக்கு அழறே? உங்க பசங்க கனவை நாங்க கெடுக்க மாட்டோம். போய் ஜெயிக்கச் சொல்லு."

இபுகி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க பேண்டு போட்டிக்குப் போகணும்னுதான் டீச்சர், நம்ம பசங்க மூணு ஆட்டமா உயிரைக் குடுத்துத் தோக்கப் பாத்தாங்க, அவங்கவங்க பேண்டுக்காக எதிர் டீம்காரங்களும் அதையேதான் பண்ணாங்க, என்ன செய்ய, தோக்கறதுலயும் அவங்கதான் நம்மளைவிடக் கெட்டி!"