நீச்சல் கட்டுரையின் மூன்றாம் பாகத்தை நிறுத்தவும்

எடப்பாடி அருகே, மாமனார் வீடு,
ஆடி நோம்பிக்கு மறுநாள், 1937

மகா-ள-ஸ்ரீ பத்திராதிபர் அவர்களுக்கு, நாமக்கல் தமிழ் உபாத்தியாயர் காளியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்களுக்கும் அச்சாபீசில் உள்ளவர்களுக்கும் சகல க்ஷேமமும் உண்டாகட்டும். இங்கே என் மூக்கையும் காதுகளையும் தவிர எல்லாரும் சௌக்கியம்.

தங்கள் பத்திரிகையில் நான் எழுதிவரும் ‘நீச்சல் தத்துவம்’ இரண்டு பாகம் வெளிவந்துவிட்டது. ‘மூழ்குவோரை மீட்கும் முறை’ என்ற மூன்றாம் பாகம் தங்கள் மேஜையில் இருக்கும். அதை நிறுத்திவைக்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைச் சொன்னால் என் மானம் போகும். அது நேற்றே போய்விட்டதால் சொல்கிறேன்.

கட்டுரைக்காக நான் புத்தகங்கள் படித்தேன், பள்ளிக்கூடத்துப் பெஞ்சின்மேல் குப்புறப் படுத்துக் கைகால் வீசிப் பழகினேன், இதில் எதுவும் பொய்யில்லை; தண்ணீரில் மட்டும் இறங்கியதில்லை. கல்யாணமாகி முதல் ஆடி நோம்பிக்கு எங்களை அழைத்த மாமனார் நாச்சிமுத்துக் கவுண்டர், இது தெரியாமல் இரண்டு பாகத்தையும் ஊராருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். நோம்பிச் சாப்பாடு முடிவதற்குள் தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. “மாப்ளே, தண்ணிக்கே சட்டம் எழுதிப்போட்டீங்களாமா, எங்க பசங்க ஒருக்கா பாக்கோணுமுங்கறாங்க,” என்றார் மாமனார். பெண்கள் கூட்டத்தில் என் மனைவி சௌந்திரம் பெருமையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு முடியாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே முதலில் பேசினேன். தண்ணீர் நம்மை மேலே தள்ளும், பதறாதவன் மிதப்பான் என்று வெகுநேரம் விளக்கினேன். மைத்துனன் சின்னண்ணன், “மாமா, பேசிட்டே இருந்தா பொழுது போயிருமுங்க, குதிங்க,” என்றான். குதித்தேன். பெஞ்சுக்கும் கிணற்றுக்கும் என்ன வித்தியாசமென்றால் பெஞ்சு மூக்கில் ஏறுவதில்லை. தண்ணீர் மேலே தள்ளியது உண்மை, ஆனால் அடிவரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத்தான் தள்ளியது, மேலே வந்ததும் ‘ஐயோ’ என்று கத்த வாயைத் திறந்தேன், வாயை மூடிக்கொள்ளும்படி எழுதியவனும் நானே, மறுபடி உள்ளே போனேன். செத்தேன் என்றே நினைத்தேன்.

அப்போது யாரோ பின்புறமாக வந்து என் குடுமியைப் பிடித்து இழுத்தார்கள். படியில் கிடந்தபடி பார்த்தால் சௌந்திரம், வரிந்து கட்டிய சேலை சொட்டச்சொட்ட நிற்கிறாள். ஊரே சிரித்தது. அவள் அழுதாள். “நீச்சல் வராதுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்றாள். மூழ்கியதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் மூன்றாம் பாகத்தைக் கிழித்துப்போட்டு, முந்திய இரண்டையும் நம்பி யாரும் கிணற்றில் இறங்கவேண்டாமென்று பெரிய எழுத்தில் அறிவிப்புப் போடவும். தங்கள் பத்திரிகை கரையேறி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மூக்கடைப்புடன்,
காளியப்பன்

பி.கு.: உறையில் போடுமுன் மூன்றாம் பாகத்தின் நகலைச் சௌந்திரத்துக்கு வாசித்துக் காட்டினேன். ‘பின்புறமாகப் போ, முடியைப் பற்று, முகத்தைத் தண்ணீருக்குமேல் வைத்து இழு.’ அட்சரம் பிசகாமல் அவள் செய்தது அதைத்தான். முன்பே படித்திருந்தாயா என்றேன். “எங்கீங்க படிச்சேன்? எருமைக்கன்னு உழுந்தா காதைப் புடிப்போம், உங்களுக்குக் குடுமி இருந்துச்சு,” என்றாள். ஆகவே மூன்றாம் பாகத்தை அவசியம் போடவும், மீட்கப்பட்டவனே சாட்சி. ஆசிரியர் பெயரை மட்டும் அடித்துவிட்டு ‘சௌந்திரம்’ என்று போடவும். நீச்சல் பழகுகிறவன் மிதப்பதற்கென்று முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருப்பதால் கையெழுத்து கோணுகிறது, மன்னிக்கவும். அவள் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள், போகிறேன்.