குணமா, கோளாறா?

"போவாச்சி நீங்கதானே?" என்று டாக்டர் பாஃபோ கேட்டதும் அண்ணன், தம்பி இரண்டு பேருமே தலையாட்டினார்கள்; இருவருக்கும் அதுதான் குடும்பப் பெயர். அறையில் நோயாளிக்கென்று இருந்தது ஒரே நாற்காலி. அண்ணன் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினார். பிறகு டாக்டரின் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படத்துல மீசை இருக்கே?"

"எடுத்துட்டேன் ஐயா."

"ஏன் எடுத்தீங்க?"

பாஃபோவுக்கு உள்ளூர ஒரே குஷி. மனநலப் பயிற்சித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர் அவர். "குணத்துக்கெல்லாம் நோய்ப் பேர் வைக்காதய்யா! அதனால அந்த ஆளோட பிழைப்பு, உறவு எல்லாம் குலைஞ்சிருக்கான்னு முதல்ல பாரு" என்று தலைமை மருத்துவர் செர்வா அம்மா இரண்டு முறையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்று மூன்றாம் முறை: வந்த நோயாளியைப் பார்த்து முடிவு எழுத வேண்டும்; தவறினால் இந்தக் குமாசி ஆஸ்பத்திரியில் இன்னொரு வருடம். இப்படிப்பட்ட நேரத்தில் லட்டு மாதிரி ஓர் ஆள்!

பின்னால் நின்ற தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம்.

"உங்க அண்ணன் ரொம்பச் சந்தேகப்படுவாரோ?"

"பயங்கரமா, டாக்டர்!"

"யாருடா சந்தேகப்படறது?" என்று அண்ணன் திரும்பினார்.

"சேச்சே, நீங்க எங்கண்ணே சந்தேகப்பட்டீங்க?" என்றவர் டாக்டரிடம், "நானும் டாக்டராகணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்றார். தங்கமான மனுஷன் என்று பாஃபோ நினைத்துக்கொண்டார்.

சந்தேகம், பிடிவாதம், ஒழுங்கு வெறி எல்லாம் எழுதியாயிற்று. குலைந்த வாழ்க்கைதான் பாக்கி. பாஃபோ அண்ணனுடைய மனைவிக்குப் போன் போட்டார்.

"சூப்பை மூணு தடவை மோந்து பாப்பாரு. அப்புறம் மூணு உருண்டை ஃபுஃபுக் களி உள்ள போகும். முப்பது வருஷமா நல்லாத்தான் இருக்கோம். ஆனா டாக்டர், இவரைப் பத்தி எதுக்கு..."

பாஃபோ போனை வைத்துவிட்டு அண்ணனுடைய மரக்கடைக்குப் போட்டார். அங்கே இன்னும் மோசம்.

"முதலாளி எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுவாரு, அதனால எங்களுக்குள்ள பொறாமையே இல்ல. இருபது வருஷமா ஒருத்தன் வேலையை விடலை!"

லட்டு உதிர்ந்தது. பாஃபோ எழுதினார்: 'குணம் ஏராளம். கோளாறு இல்லை.'

செர்வா அம்மா வந்து படித்தார்.

"அடடே, தேறிட்டியேப்பா!"

பாஃபோவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி கைதட்டிவிட்டு, "நானும் தலைமை டாக்டராகணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அண்ணன் எழுந்து நாற்காலியை மறுபடி துடைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டீங்க, சந்தோஷம். அண்ணன் நிக்கத் தம்பி உட்காரக் கூடாதேன்னுதான் நான் உட்கார்ந்தேன். எட்டு வேலையும் மூணு பொண்டாட்டியும் போயி, தான் யாருன்னே தெரியாம நிக்கிறானே, உங்ககிட்ட காட்டக் கூட்டிட்டு வந்த போவாச்சி இவன்தான், டாக்டர்!"