ஆயிரத்தெட்டாவது ‘ம்ம்ம்’

ஒரு காட்டில் மாசிலாமணி என்றோர் ஆந்தை இருந்தது. இரவெல்லாம் எலி பிடித்துக் களைத்து, பொழுது விடிந்ததும் மருதமரப் பொந்தில் தலையைச் சாய்க்கும். அந்தத் தூக்கத்துக்குத்தான் வந்தது வினை. மரத்தடியில் கரடியடிகள் மௌன நிலையம் திறந்தார்.

மௌனத்தை அடைய வழி சத்தம்தான் என்பது அடிகளின் கொள்கை. சீடர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்தெட்டு முறை “ம்ம்ம்” என்று முழங்க வேண்டும். முடிந்ததும் மௌனம் தானாக வந்து இறங்கும். தூரத்து விலங்குகளுக்கும் பயன் சேரட்டும் என்று மைக்கும் ஒலிபெருக்கியும் வேறு. பதினோரு நாளாகியும் மௌனம் வந்தபாடில்லை. தூக்கம் கெட்ட மாசிலாமணி, இரவில் எலி என்று நினைத்துச் சருகைக் கவ்வியது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பட்டினியால் சாக வேண்டியதுதான்.

பொறுக்க முடியாமல் கீழே இறங்கியது.

“சாமி, கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதா? பகல்ல கண்ணை மூட முடியலை.”

“புகாரை எழுதி அந்தப் பெட்டியில போடுங்க,” என்றார் அடிகள். “மௌனம் வந்ததும் படிச்சுப் பார்க்கிறோம்.”

“அது எப்ப வரும்?”

“எண்ணிக்கை முடிஞ்சா வரும். நேத்து எழுநூறு வரைக்கும் போனோம். அப்புறம் பார்த்தா இருநூறுதான் இருக்கு. எல்லாம் மாயை.”

அந்த மாயையை மாசிலாமணி பொந்திலிருந்து உற்றுப் பார்த்தது. எண்ணும் பொறுப்பு அணிலிடம். ஒரு முழக்கத்துக்கு ஒரு கடலை என்று குவித்துக்கொண்டே வந்தது. பசித்தபோது அதிலிருந்தே எடுத்துத் தின்றது. மற்றவர்கள்தான் கண்ணை மூடியிருக்கிறார்களே.

“நாளைக்கு நானே எண்ணுறேன் சாமி,” என்றது ஆந்தை.

மறுநாள் காலை முதல் மைக் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எண்ணியது. உச்சி வெயிலில் ஆயிரத்தெட்டு முடிந்தது. “போதும், நிறுத்துங்க,” என்றது.

சத்தம் நின்றது. அடிகளே மௌனத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மாசிலாமணிக்கோ அந்தச் சுகத்தில் அழுகையே வந்துவிட்டது. மைக் மீதே சாய்ந்து தூங்கிப்போனது. தூங்கியதும் குறட்டை விட்டது.

“கொர்ர்ர்” என்று காடு அதிர்ந்தது.

அடிகள் கண்ணீரோடு கைகூப்பினார். “மௌனத்துக்குள்ளேயிருந்து வர்ற சத்தம் இது. நம்ம ‘ம்ம்ம்’ எல்லாம் வெறும் அரிச்சுவடி. இனிமே இதுதான் மந்திரம்.”

இப்போது அங்கே பகல் முழுக்க நாற்பது விலங்குகள் “கொர்ர்ர்” என்று முழங்குகின்றன. இலக்கு ஒரு லட்சத்து எட்டு. நடுவே மேடையில், கழுத்தில் மாலையோடு, ஸ்ரீலஸ்ரீ மாசிலாமணி சுவாமிகள் கண் விழித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நீதி: தூக்கம் வரும்போது பக்கத்தில் மைக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இருந்தால், குருவாக்கிவிடுவார்கள்.