வலென்சியா போய்வந்த வெள்ளைத்துரை

போய்வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. காசிக்குப் போய்வந்தவர் பிடிக்காத காயை அங்கேயே விட்டுவிட்டு வருவார். ரங்கூன் போய்வந்தவர் தேக்குப் பெட்டியோடு வருவார். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவெல்லாம், போன ஊரையே தோளில் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் கூடத்தில் இறக்கிவைக்கிறவரால்தான். நீங்கள் காப்பி கொடுப்பீர்கள். ஒரு வாய் குடிப்பார். கீழ் உதட்டை லேசாகப் பிதுக்குவார். “அங்கன எல்லாம்…” என்று ஆரம்பிப்பார். காப்பி ஆறிப்போகும். நீங்களும்தான்.

சிவகாசியில் அப்படி ஒருவர் வெள்ளைத்துரை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல, தாத்தாவின் பெயர். அப்பா அய்யாதுரைக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி. ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா என்ற ஊர் வாணவேடிக்கைக்குப் பேர்போனது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மத்தாப்புக்கு வண்ணம் ஏற்றுகிற ரசாயனத்தை அங்கே படித்துவரட்டும் என்று, ஐம்பத்தேழாம் வருஷம் அவர் மகனைக் கப்பலேற்றினார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியவருக்குக் கையோடு சாத்தூர்ப் பெண் தங்கத்தாயைக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளை சீமையில் படித்தவர் என்பதில் தங்கத்தாய்க்கும் பெருமைதான். அந்தப் பெருமை மறுவீட்டு விருந்து வரைக்கும் நின்றது.

பிறகு என்ன? தீபாவளி சீசனில் லாரி லோடுக்கு நிற்கும். வெள்ளைத்துரையோ மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஸ்பெயினில் இந்நேரம் கடையே திறக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்துவிடுவார்.

“ஏலே, ஸ்பெயின்காரன் தூங்கலாம்லே. அவனுக்குத் தீபாவளி இல்ல,” என்பார் அய்யாதுரை.

மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிப்போனால், அங்கே சரிகைச் சட்டை போட்ட ஒரே ஆள் காளைக்கு முன்னால் தனியாக நிற்பான் என்பார். உள்ளூர்க் காளை அவரை முறைக்கும். விருந்தாளிகள் வந்தால் துருக்கிக்காரன் கதை. அவருடன் படித்த துருக்கிக்காரன் ஒருவன், தினமும் வேலை முடிந்து வந்து ‘களைத்துப்போனேன்’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, ‘எனக்குக் கல்யாணமாகிவிட்டது’ என்று தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாளிடம் சொல்லுவானாம். கன்சாதோ என்றால் களைப்பு, கசாதோ என்றால் கல்யாணம். ஒரு எழுத்தில் மோசம்போனான் பாவம் என்று அவரே முதலில் சிரிப்பார்.

இதையெல்லாம் தங்கத்தாய் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு பெயர்.

“அம்பாரோ வச்ச சோறு இப்படியா இருக்கும்? பொலபொலன்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.”

அம்பாரோ யார்? அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. கேட்டுப் பதில் வந்துவிட்டால்? தங்கத்தாய் மனசுக்குள் அம்பாரோவுக்கு வயது இருபது, மெல்லிய இடுப்பு, ரோஜாப்பூக் கன்னம். ஒருநாள் அவர் வர்ணித்தபடியே பட்டாணியும் தக்காளியும் போட்டுச் சோறு ஆக்கினாள். ஒரு வாய் சாப்பிட்டார். உதடு பிதுங்கியது. அன்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அறுபத்தொன்றில் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. படித்த வெள்ளைத்துரைக்கு முகம் வெளுத்தது.

“அம்பாரோ வர்றாக. மகன் பம்பாய்ல பாதிரியாரா இருக்காராம். அவரப் பாக்க வந்தவுக, நம்ம ஊரையும் பாக்கணும்னு கெளம்பிட்டாக.”

‘மகன்’ என்ற வார்த்தை தங்கத்தாயின் காதில் ஏறவே இல்லை. கல்யாணப் பட்டை எடுத்து உடுத்தினாள், நகைகளை எல்லாம் போட்டாள், யுத்தத்துக்குப் போகிறவளைப் போல ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். ரயிலிலிருந்து நரைத்த தாடியோடு ஒரு பாதிரியார் இறங்கினார். அவர் கைகொடுக்க, கறுப்பு உடையில், நெற்குதிர் மாதிரி ஒரு அம்மாள் மூச்சுவாங்க இறங்கினாள். தங்கத்தாய் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இறங்கவில்லை.

அந்த அம்மாள் வெள்ளைத்துரையின் கன்னத்தைக் கிள்ளினாள். தங்கத்தாயைப் பார்த்தாள். பிறகு தோளைத் தொங்கப்போட்டு, நெற்றி வியர்வையை வழித்து, அலுத்துப்போன வெள்ளைத்துரையாகவே மாறி, “கசாதோ… கசாதோ…” என்று முனகிவிட்டு, ஸ்டேஷன் அதிரச் சிரித்தாள்.

“ஏங்க,” என்றாள் தங்கத்தாய் மெதுவாக, “அந்தத் துருக்கிக்காரன் நீங்கதானா?”

வெள்ளைத்துரை மாட்டுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இலைபோட்டுக் கோழிக்குழம்பு பரிமாறினாள். காரத்தில் அம்பாரோவுக்குக் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மறுபடி நடிப்பு. ஏதோ தட்டிலிருந்து ஒரு வாய் எடுப்பதுபோல் எடுத்தாள். மென்றாள். கீழ் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சுத்தமான தமிழில், “எங்க ஊர்ல…” என்றாள்.

வானத்தைப் பார்த்தாள், வாணம் வெடிப்பதாகக் கையால் காட்டினாள், உதடு பிதுங்கியது, “எங்க ஊர்ல…” தலையில் இரு விரலைக் கொம்பாக வைத்தாள். “எங்க ஊர்ல…” அவர் தன் வீட்டில் தங்கியிருந்த இரண்டு வருஷத்தில் அவள் கற்ற தமிழ் அவ்வளவுதான்.

“என்னலே சொல்லுதாக?” என்று மகனிடம் கேட்டார் அய்யாதுரை.

“சாப்பாடு நல்லாருக்காம்.”

தங்கத்தாய்க்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். முதலில் கோபம் வந்தது. பிறகு, கடலுக்கு அப்பால் ஓர் அடுக்களையில், இந்த அம்மாளும் தன் சோற்றுச் சட்டிக்கு முன்னால் முகம் வாடி நின்றிருப்பாள் என்று தோன்றியது. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லாரும் ஆற்றங்கரைக் கோயிலான இருக்கன்குடிக்குப் போனார்கள். அம்பாரோ குளிக்கத் துண்டோடு வந்திருந்தாள். அக்கரை தெரியாத ஆறு என்று வலென்சியாவில் அவர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாளாம். வெள்ளைத்துரை கண்ணுக்கெட்டிய மணலைக் காட்டி என்னவோ ஸ்பானிய மொழியில் நெடுநேரம் விளக்கினார்.

புறப்படுகிற நாளில் அம்பாரோ அடுக்களைக்குள் புகுந்தாள். அகலமான இரும்புச் சட்டியில் அவள் தன் சோற்றைச் சமைத்தாள். பக்கத்து அடுப்பில் தங்கத்தாய் தன் சோற்றை வடித்தாள். வெள்ளைத்துரையை உட்காரவைத்து, இலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தார்கள். இருவரும் இடுப்பில் கைவைத்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். உதடு கிளம்பியது. நிமிர்ந்து பார்த்தார். கிளம்பிய உதடு திரும்பி உள்ளே போனது.

“நல்லாருக்கு.”

“எது?” என்றாள் தங்கத்தாய்.

“ரெண்டும்.”

இரண்டு தேசத்திலும், வைத்த சோற்றை அவர் ‘நல்லாருக்கு’ என்றது அதுதான் முதல் தடவை.

அதோடு திருந்திவிட்டாரா? சில மாதம் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அதன்பின் ஆர்டர் பிடிக்கக் கல்கத்தா போனார். திரும்பியதும், “கல்கத்தால எல்லாம்…” என்றார். ஆனால் அங்கே ஏஜெண்டாக இருந்த சுந்தரபாண்டி ஊருக்கு வந்தபோது தங்கத்தாயிடம் சொன்னான்: “மதினி, அண்ணன் அங்கன எந்த ஓட்டல்லயும் நிம்மதியாச் சாப்பிடல. எங்க தங்கம் வச்சாத்தான் குழம்புன்னு ஒரே புலம்பல்.”

தங்கத்தாய் சிரித்துக்கொண்டாள். அடுத்த சீசனிலிருந்து, வெளியூர் ஆர்டருக்கெல்லாம் அவரையே அனுப்பும்படி மாமனாரிடம் சிபாரிசு செய்தவள் அவள்தான்.

இந்த மாதிரி ஆளை உங்களுக்கும் தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். சரி. போன விடுமுறைக்குச் சொந்த ஊர் போனபோது, அந்தத் தண்ணீரையும் கொசுவையும் பற்றி என்ன சொன்னீர்கள்? திரும்பிவந்து ஆபீசில் அதே ஊரைப் பற்றி என்ன சொன்னீர்கள்? நினைவில்லையென்றால் வீட்டில் உங்களுக்குப் பரிமாறுகிறவரைக் கேட்கலாம். ஆனால் கரண்டியைக் கீழே வைத்தபிறகு கேளுங்கள்.