முதல் பந்தி ரசிகர்கள்

சாய்நாத் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்தால் வீட்டில் ஏதோ ஒன்று முடிந்துபோகும். போன தடவை மிக்ஸி.

இந்தத் தடவை ஃபேஸ்புக். மயிலாப்பூர் சபா ஒன்று அறிவித்திருந்தது: தொடக்க நாள் கச்சேரியைப் பற்றி எழுதி, ஞாயிறு மாலைக்குள் அதிக லைக் வாங்கும் ரசிகருக்கு முதல் வரிசை சீசன் பாஸ். இருபது வருஷமாகத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, பாடகரின் ஒரு காதை மட்டுமே தரிசித்து வந்த சாய்நாத்துக்கு அந்தப் பாஸ் வேண்டும். தலையை அடகு வைத்தாவது வேண்டும். ஆனால் அவர் எதை எழுதினாலும் லைக் அறுபதைத் தாண்டியதில்லை.

"கண்டவாளுக்கும் காட்டினா இப்படித்தான். யாருக்கு எதைக் காட்டறதுன்னு ஆளைப் பிரிச்சு லிஸ்ட் போடணுமாம். யூட்யூப்ல சொல்றான்" என்றார்.

"நம்ம நிச்சயதார்த்தத்துக்கு நீங்க போட்ட லிஸ்ட்லதான் எங்க பெரியப்பாவே விட்டுப்போனார்" என்றாள் கோமளம், கீரையை ஆய்ந்துகொண்டே.

சாய்நாத் காதில் வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் போடுவதுபோலவே நோட்டில் கோடு போட்டார். சங்கீதம் தெரிந்தவர்கள் முதல் பந்தி. தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவர்கள் இரண்டாம் பந்தி. கோமளத்தின் மனிதர்கள் ஐம்பத்து மூன்று பேரும் 'தாம்பூலப் பை மட்டும்'. அதாவது, குட்மார்னிங் படம் உண்டு; விமர்சனம் கிடையாது.

"எங்க அம்பியுமா?"

"உன் தம்பி முகாரிக்குச் சிரிக்கற பொம்மை போடறவன்!"

"சரி, உங்க இஷ்டம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை காலை நாலு பக்க விமர்சனம் போட்டார். ஞாயிறு மாலை வரை நாலு லைக். பக்கத்துக்கு ஒன்று. அதில் ஒன்று அவருடையதே. இன்னொன்றுக்குக் கீழ்வீட்டு வலியுல்லா, மூக்குக்கண்ணாடி தேடும்போது விரல் பட்டுவிட்டது என்று விளக்கம் சொன்னார். முதல் பந்தி வித்வான்களுக்கு அடுத்தவன் எழுத்தைப் பாராட்டிப் பழக்கமே இல்லை.

"கோமளம், அந்த அறுபது லைக் எங்கேடி போச்சு?"

"அதெல்லாம் எங்க மனுஷாளோடதுன்னா. 'அத்திம்பேர் எழுதினா படிக்க வேண்டாம், லைக் மட்டும் போட்டுடுங்கோ'ன்னு குரூப்ல சொல்லி வச்சிருந்தேன். லைக் வரலேன்னா நீங்க சமையல்கட்டுக்குள்ள வந்து யோசனை சொல்ல ஆரம்பிச்சுடறேளே!"

சாய்நாத்துக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் பாஸ்தானே!

"இப்பவே அவாளை முதல் பந்தியில உக்காத்தி வச்சுடறேன். எல்லாரையும் வரச் சொல்லு!"

"போட்டி அஞ்சு மணியோட முடிஞ்சுடுத்தே. நீங்க கழட்டி விட்டதும், 'அக்கா, இனிமே யாருக்கு லைக் போடறது?'ன்னு எல்லாரும் பாவமாக் கேட்டா. நானும் ரெண்டு வரி எழுதினேன். 'பாட்டு தேவலை. கேன்டீன் ரவா தோசை பிரமாதம்.' அம்பி ஆபீஸ் பூரா அனுப்பிட்டான். இருநூத்திப் பன்னண்டு. சபாலேர்ந்து போன் பண்ணிட்டா."

மறுநாள் சாயங்காலம், பட்டுப் புடவையும் பாஸுமாகக் கோமளம் வாசலில் செருப்பை மாட்டினாள்.

"நல்ல ராகமா வந்தா வாட்ஸப் பண்றேன். மூணாவது விசில்ல குக்கரை அணைச்சுடுங்கோ."