மூன்று பக்கச் சிபாரிசு

சிபாரிசுக் கடிதக்காரர் என்று ஒரு தனிப் பிறவி உண்டு. அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். எங்காவது ஒரு நாற்காலி காலி என்று ஊரில் பேச்சு அடிபட்டால் போதும், அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார்.

எங்கள் ஒஹாயோ பக்கத்தில் அந்தப் பிறவிக்கு எஸ்ரா விப்பிள் என்று பெயர். கட்சியின் வட்டாரத் தலைவர். பேருக்கு ஒரு தீவனக் கடை. கடையில் ஓட்ஸ் மூட்டை இருக்கிறதோ இல்லையோ, கட்சிப் பெயர் அச்சடித்த கடிதத்தாள் மட்டும் என்றைக்கும் தீர்ந்ததில்லை. பாலத்துக்குக் காவலாளி, சிறைச்சாலைக்குச் சமையல்காரன், கோர்ட்டுக்குக் கடிகாரம் துடைக்கிறவன் என்று எந்த வேலைக்கு எவன் வந்து நின்றாலும், அவன் வாயைத் திறக்குமுன் இவர் பேனாவைத் திறந்துவிடுவார். மாட்டேன் என்ற சொல்லே கிடையாது. தர்மப் பிரபு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

வாஷிங்டனில் எங்கள் தொகுதிக்கு உறுப்பினராக இருந்தவர் கர்னல் ப்ராட். கடிதங்களின் பாரம் தாங்காமல் அவர் ஒருநாள் முறையிட, விப்பிள்தான் வழி சொல்லிக்கொடுத்தார். புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் அடுப்பில் போடுங்கள். இரண்டு வரியில் வறட்டுத்தனமாக இருந்தால் வேலையைக் கொடுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டினால் கேட்டவனுக்கும் உச்சி குளிரும். யாருக்கு நஷ்டம்?

தேர்தலில் எங்கள் கட்சி ஜெயித்தது. எதிர்க்கட்சிப் போஸ்ட்மாஸ்டர் மூட்டை கட்டினார்; அந்த நாற்காலி எப்போதும் ஜெயித்த கட்சிக்காரனுக்குத்தான். முதலில் ஓடிவந்தவன் முடிதிருத்தும் ஓட்டிஸ்.

"கவலையை விடு ஓட்டிஸ். உன்னைப் பத்தி நான் எழுதினதைப் படிச்சா ஜனாதிபதிக்கே கண்ணு கலங்கும்."

ஓட்டிஸுக்கே கலங்கிவிட்டது. பாவம், அந்த வாரம் விப்பிளுக்குச் சவரம் இனாம். பேக்கரிக்காரருக்கும் அதே கடிதம்தான், பெயர் மட்டும் வேறு. கடைசியாக வந்தான் சைலஸ் க்ரோ. கட்சிக் கூட்டத்தில் விப்பிளின் பேச்சு நடுவே எழுந்து, "முடிங்கய்யா, மாடு கறக்கணும்" என்று சொன்ன புண்ணியவான். "உள்ளதை மட்டும் எழுதுங்க, போதும்" என்றான். உள்ளதை எழுதினால் எவன் உருப்படுவான் என்று விப்பிளுக்கு உள்ளூரச் சிரிப்பு. க்ரோவுக்குக் கணக்கு வரும், குடிக்க மாட்டான் என்று ஆத்திரத்தோடு இரண்டே வரி கிறுக்கி அனுப்பினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தான் போட்ட வழக்கமே நினைவுக்கு வரவில்லை.

விஷயம் என்னவென்றால், இந்தத் தடவை நாற்காலி விப்பிளுக்கே வேண்டியிருந்தது. மோட்டார் வண்டி வந்து குதிரைகளை விரட்ட, தீவனக் கடை படுத்துவிட்டது. இருபது வருஷம் கட்சிக்கு உழைத்த மனுஷன், வயசான காலத்தில் உட்கார ஓர் இடம் கேட்டால் தப்பா? அவர் மனைவி லவீனியா தபால் ஆபீஸ் ஜன்னலுக்குத் திரைத்துணியே எடுத்துவிட்டாள்.

தம்மைப் பற்றித் தாமே எழுத உட்கார்ந்தார். 'எஸ்ரா விப்பிள். எழுதப் படிக்கத் தெரியும். நம்பலாம்.' படித்துப் பார்த்தார். இவ்வளவுதானா நான்? தன்னைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்த யாருக்கய்யா மனசு வரும்? கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தியாகம் வந்தது, மழையில் நனைந்த ஊர்வலம் வந்தது, கொள்ளுத் தாத்தா சுதந்திரப் போரில் இழந்த கட்டைவிரல்கூட வந்தது. மூன்று பக்கம். நம்ம கர்னலுக்குத் தெரியாதா என்று தேற்றிக்கொண்டு தபாலில் சேர்த்தார்.

பதில் வந்தது. லவீனியா உரக்கப் படித்தாள். என் உயிரினும் மேலான நண்பரே, உங்களைப் போன்றவர் நூறாண்டுக்கு ஒருவர், உங்களுக்காக நான் மலையையும் பெயர்ப்பேன் என்று இரண்டு பக்கம்.

"என்னங்க, இப்படி உருகியிருக்காரே. வேலை நமக்குத்தானே?"

விப்பிள் கடிதத்தை வாங்கிப் பக்கங்களை எண்ணிப் பார்த்தார்.

"அடுப்புல போடு, லவீ" என்றார்.

அதே தபாலில் க்ரோவுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. இரண்டு வரி.

விப்பிள் இன்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். தபால்தலையைக் க்ரோவிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, 'மிகச் சிறந்தவன், அவசியம் கவனிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தீர்களே, அவன் பெயர் ஞாபகமிருக்கிறதா? போகட்டும். உங்களை வானளாவப் புகழ்ந்து ஒருவர் எழுதினார் என்று பத்திரமாக வைத்திருக்கிறீர்களே ஒரு கடிதம், அது எத்தனை பக்கம்?