பூட்டைத் தாண்டாத நல்ல அலை

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு முடிகிற இடத்தில், மன அமைதி கிடைத்துக்கொண்டிருந்தது. டோக்கன் வாங்கினால் போதும்.

படிக்கட்டு முழுக்கக் கூட்டம். அத்தனை பேர் கையிலும் கைபேசி. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே அலைவரிசையார் இருக்கிறார். மனிதர்களுக்குப் பேயோட்டுவது பழைய தொழில். இவர் கைபேசிக்கு ஓட்டுகிறார். தாடி இல்லை, காவி இல்லை, வெள்ளைக் கோட்டு. டாக்டர் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கோட்டு சொன்னதை மறுத்ததும் இல்லை.

"ஊர்ல இருக்கிற கோபம், பொறாமை, வயித்தெரிச்சல் எல்லாம் டவர்ல ஏறி உங்க போன்ல இறங்குது. கெட்ட அலை! அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூக்கம் வரலைன்னா எப்படிங்க வரும்?"

படித்தவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள். டவர் என்ற சொல் வந்துவிட்டதே, அப்புறம் அது விஞ்ஞானம்தானே.

போனை வாங்குவார். பூட்டைத் திறக்கும் பின் நம்பரைக் கேட்பார். "உங்க மனசைக் கெடுக்கிற பேர் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்பார். போனோடு திரைக்குப் பின்னால் போவார். அங்கே நீல விளக்கு எரியும் தகரப் பெட்டி, உம்மென்று சத்தம். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடுமாம். வெளியே வந்து போனைத் தரும்போது ஒரு பத்தியமும் உண்டு. "ஒரு மாசத்துக்கு செட்டிங்ஸ் பக்கம் போயிடாதீங்க. அலை கலைஞ்சுடும்."

மாதம் முடிந்தால் மறுபடி டோக்கன்.

இதில் சங்கடமான விஷயம், பலன் இருந்தது. ஆளாளுக்கு நன்றாகத் தூங்கினார்கள்.

நம்முடைய ஆள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் பில் பிரிவுக் குமாஸ்தா. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பிரேக்கிங். போன் 'டிங்' என்றால் போதும், பணம் கட்ட வந்தவரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "அமைச்சர் ராஜினாமா!" என்று எழுந்து கத்துவார். அடுத்த 'டிங்'கில் "இல்லையாம்" என்று உட்காருவார். குடும்பத்தில், வேறு வீட்டில் தனிக்கட்டையாக இருக்கும் அண்ணனோடு போர். அண்ணன் ஆளுங்கட்சி, இவர் எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் இப்படி இரண்டு பேர் இருப்பதே தெரியாது. ஆனாலும் பட்ஜெட் அன்று குடும்பக் குழுவில் ஆரம்பித்த சண்டை, "நீ எனக்குத் தம்பியே இல்லை" வரை போய்விட்டது.

தூக்கம் போய், அவரும் டோக்கன் வாங்கினார். மனசைக் கெடுக்கிற பேரை அலைவரிசையார் கேட்டபோது பிரேக்கிங் யோசிக்கவே இல்லை. "பெரியண்ணன்" என்றார்.

அன்றோடு நின்றது. டிங் இல்லை, அண்ணன் இல்லை. "பகை அலை தானா வாயை மூடிக்கும்னு சொன்னாரு பாரு!" என்று மனைவியிடம் பெருமைப்பட்டார். ஒரு வாரம் போனபின், அண்ணன் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது லேசாக உறுத்தியது.

மாதம் முடிந்த அன்று காலையில் மனைவியின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் முகம் சரியில்லை.

"ஏங்க, உங்க அண்ணனுக்கு நாளைக்கு நெஞ்சில ஆபரேஷன். கையெழுத்துப் போட வீட்டாள் யாராச்சும் வந்தாத்தான் செய்வாங்களாம். பத்து நாளா உங்களைக் கூப்பிடுறாராம், கட் பண்றீங்களாம்."

"நான் எங்க கட் பண்ணேன்? போன் என் பாக்கெட்லதானே இருக்கு. ஒரு தடவைகூட அடிக்கல."

"அப்ப அவர் பொய் சொல்றாரா? செட்டிங்ஸைத் திறந்து பாருங்களேன்."

"ஐயோ, அதைத் தொடக் கூடாது! இன்னிக்கு எப்படியும் போகணும். அலைவரிசையாரையே கேட்டுடுவோம்."

"சரி, நானும் வரேன்" என்றாள் மனைவி. அந்த 'சரி'யைக் கேட்டால், கல்யாணமான எவனும் உஷாராகியிருப்பான். பிரேக்கிங் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

டோக்கன் வந்தது. பிரேக்கிங் தன் போனை மேஜைமேல் வைத்தார். மனைவி அதன்மேல் தன் போனை வைத்தாள்.

"முதல்ல என்னுது. பின் நம்பர் தர மாட்டேன்."

அலைவரிசையார் சிரித்தார். "பின் இல்லாம எப்படிம்மா?"

"கெட்ட அலை பூட்டுப் போட்ட போன்லயும் இறங்குதுல்ல? உங்க நல்ல அலையும் அதே மாதிரி பூட்டைத் தாண்டி இறங்கட்டுமே."

படிக்கட்டில் சலசலப்பு. "அதானே?" என்றது ஒரு குரல். வேறு வழியின்றி அவர் திரைக்குப் பின்னால் போனார். உம்மென்றது. வந்தார். "சுத்தமாயிடுச்சு."

மனைவியின் போனில் டிங். 'எதிர்க்கட்சித் தலைவர் தும்மல்: ஆளுங்கட்சி கண்டனம்.' டிங். 'தும்மவே இல்லை: தலைவர் மறுப்பு.'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்துல அலை நிக்காது."

"என்னை விடுங்க. இவருக்கு நம்பிக்கை மூட்டை மூட்டையா இருக்கு" என்று கணவரைக் காட்டியவள், தன் போனில் ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, உங்க தம்பிக்கு இப்ப ஒரு தடவை அடிங்க."

"எதுக்கும்மா? அவன்தான் எடுக்க மாட்டேங்குறானே." குரலில் மூச்சு வாங்கியது.

"எனக்காக ஒரே ஒரு தடவை."

மேஜைமேல் கிடந்த போனை எல்லோரும் பார்த்தார்கள். யார் கையும் அதன் பக்கத்தில் இல்லை. அது கல் மாதிரிக் கிடந்தது. மனைவியின் போன்தான் மறுபடி அடித்தது.

"பார்த்தியாம்மா, கட் பண்ணிட்டான். விடு. எனக்கு யாரும் இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிக்கிறேன்."

பிரேக்கிங் போனை எடுத்தார். "செட்டிங்ஸைத் தொடாதீங்க!" என்று அலைவரிசையார் பாய்ந்தார். பிரேக்கிங் தொட்டார்.

செய்தி அறிவிப்புகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. தடை செய்த எண்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். பெரியண்ணன்.

அவ்வளவுதான், பேயோட்டிய சாமர்த்தியம்! கூட்டம் முழுக்கத் தன் தன் போனைத் திறந்தது.

"என் மாமியாரை பிளாக் பண்ணியிருக்காரு!"

"எங்க மேனேஜரை! அதான் மனுஷன் என்னைப் பார்த்தாலே எரிஞ்சு விழுறாரா!"

மூலையிலிருந்து ஒரு பெண் குரல்: "என் நாத்தனாரை மட்டும் அப்படியே விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

ஒருவர் திரையை விலக்கினார். தகரப் பெட்டிக்குள் ஒரு நீல பல்பு, இறக்கை கழற்றிய ஒரு சின்ன ஃபேன். எட்டிப் பார்த்த யாருக்கும் பார்வை போகவில்லை. சிலருக்கு அப்போதுதான் வந்தது.

"இருக்கட்டுமே! அமைதி கிடைச்சுதா இல்லையா?" என்றார் அலைவரிசையார். கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டதால் அவ்வளவாக எடுபடவில்லை.

"கிடைச்சுது. இந்த இடத்துல அமுக்கினா அணையும்னு நீங்க சொல்லியிருந்தாலும் கிடைச்சிருக்கும்" என்றாள் மனைவி. "என்ன, அடுத்த மாசம் யாரும் வந்திருக்க மாட்டாங்க."

பிரேக்கிங் தடையை எடுத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே."

"யாரு?"

"உன் தம்பிதான். நான் கட் பண்ணலைண்ணே. நான் ஒரு முட்டாள், அவ்வளவுதான். கிளம்பிட்டேன், கையெழுத்து நான் போடுறேன்."

"முட்டாள்னு எனக்கு பட்ஜெட் அன்னிக்கே தெரியும்" என்றது குரல். கரகரப்பாக இருந்தது. "சீக்கிரம் வாடா."

படிக்கட்டில் இறங்கும்போது, கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியை மறித்தார். கல்லூரிப் பேராசிரியராம். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்த இடத்துல அமுக்கணும்னு புரிஞ்சுதும்மா. எந்தத் திசை பார்த்து உட்கார்ந்து அமுக்கணும்?"

அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம். நான் சொல்கிறேன். எந்தத் திசையும் நல்ல திசைதான் ஐயா. பின் நம்பரைப் போட்டுப் போனைப் பூட்டி வையுங்கள், மூளையைத் திறந்து வையுங்கள். இத்தனை நாளாக இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.